முட்டிக்கு மட்டும் ஓய்வு

டாக்டர் முட்டிக்கு ஒரு மாதம் ஓய்வு சொன்னார். அதனால் செண்பகவல்லியின் இடது முட்டி வீட்டில் தங்கிக்கொண்டது. செண்பகவல்லி வழக்கம்போல பஸ் பிடித்து வேலைக்குப் போனாள்.

அவள் பள்ளிக்கூட மாடிப்படியில் சறுக்கி விழுந்த அன்றைக்கே தலைமையாசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டார். "அடிபட்டது முட்டிக்குத்தானே டீச்சர்? அதுக்கு லீவு தர்றேன். நீங்க எதுக்கு வீட்டுல இருக்கணும்?" நியாயமாகத்தான் பட்டது. முட்டி இருந்த இடத்தில் பழைய சேலைத் துணியைச் சும்மாடு மாதிரி சுருட்டிக் கட்டிக்கொண்டு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினாள்.

வீட்டில் முட்டிக்கு ராஜ உபசாரம். கூடத்துக் கட்டிலில் தலையணை போட்டு, ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்து, மாமியார் வேளாவேளைக்கு ஒத்தடம் கொடுத்தார். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து அதை நலம் விசாரித்தார்கள். அவர்களுக்குக் காபி போட்டது செண்பகவல்லி. அவளை ஒருத்தராவது "வலிக்குதாம்மா?" என்று கேட்கணுமே, ஊஹூம்! கேட்டாலும் என்ன சொல்வது? வலி முட்டியில் இருந்தது, முட்டி கட்டிலில் இருந்தது. அப்படியானால் பாத்திரம் தேய்க்கும்போது பொத்துக்கொண்டு வருகிற இந்த அழுகை யாருடையது? ஒன்றும் புரியாமல் குழம்பிப்போனாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மகள் சுபிக்ஷா மடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "உன் மடி ஒரு பக்கம் பள்ளமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் போய் முட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். முட்டி திரும்பிவிட்டால் பிள்ளையும் திரும்பிவிடும் என்று மாதம் முடியக் காத்திருந்தாள்.

முடிந்த அன்று சாயங்காலம், கைப்பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே போய் "கிளம்பு" என்றாள்.

"வரலை" என்றது முட்டி. "உன்கிட்ட வந்தா மறுபடியும் நின்னுக்கிட்டேதான் இருக்கணும்."

"அது சொல்றதும் சரிதானே" என்றான் கணவன் ஆவுடையப்பன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்கு வந்ததே கோபம். "அப்ப நான் எங்கதான் போய்ப் படுப்பேன், சொல்லு!"

முட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தது. அவள் படுத்தாள். அப்பாடா! முதுகு கட்டிலில் பட்டதும் முட்டி தானாக வந்து அதன் இடத்தில் பொருந்திக்கொண்டது.

"செண்பகம், தோசைக்கு நேரமாச்சு, வா" என்று அடுப்படியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

கைகள் இரண்டும் தோளிலிருந்து கழன்று இறங்கிப் போயின. அவற்றுக்கு யாரும் லீவு சொல்லவில்லை.

சுபிக்ஷா விளையாடிவிட்டு ஓடிவந்தாள். "அம்மா எங்கப்பா?"

"அடுப்படியில" என்றான் ஆவுடையப்பன்.

"இங்க இருக்கேன்டி" என்று சொல்ல செண்பகவல்லி வாயெடுத்தாள். அப்படிச் சொல்வது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை அதற்குள் உள்ளே போய்விட்டது. அங்கே ஒரு கை தோசையைத் திருப்பிப் போட, இன்னொரு கை பிள்ளைக்கு ஊட்டிவிட்டது.