காலிப் பட்டியல்

பட்டியலில் மூன்றாம் வார்டின் பெயரில் ஒரு வரிகூட இல்லை. வார்டிலிருந்து ரத்த வங்கிக்குப் போகிற ஒவ்வொரு கோரிக்கையும், அங்கிருந்து வருகிற ஒவ்வொரு பதிலும் மணி நிமிடத்தோடு டேட்டாபேஸில் விழும்படி நிரல் எழுதிவைத்தவரே தேடிப் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பதிவுக்காரர் என்றே பெயர். செவ்வாய்க்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பது வரை பட்டியல் வெறிச்சென்று கிடந்தது. அதை அப்படியே அச்செடுத்துக் கண்காணிப்பாளர் மேசைக்கு அனுப்பியும்விட்டார். ரத்தம் கேட்டு அனுப்பவே இல்லை என்று மூன்றாம் வார்டு சிஸ்டர் மேல் பதினோரு மணிக்கு விசாரணை.

அனுப்பிய பிறகும் மனசு கேட்கவில்லை. அந்த சிஸ்டர் இருபது வருஷமாக அங்கே இருப்பவர். பொய் சொல்கிற முகமா அது? "மூணு தடவை அனுப்புனேன் சார். சுத்திக்கிட்டே இருந்துச்சு, பதிலே வரல. அப்புறம் நானே ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன்" என்கிறார் அந்தம்மா. அதற்குள் ஆபரேஷன் ஒரு மணி நேரம் தள்ளிப்போய், நோயாளி பிழைத்ததே பெரிய காரியம். பட்டியலும் பொய் சொல்லாது, அந்தம்மாவும் பொய் சொல்லவில்லை என்றால், நடுவில் எந்தப் பேய் புகுந்து விளையாடியது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை அவருக்கு.

சோதனைக்கென்று வைத்திருந்த நகலில் தானே ஒரு கோரிக்கை அனுப்பினார். பதில் வந்தது, வரியும் விழுந்தது. ரத்த வங்கியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு இன்னொன்று அனுப்பினார். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. பட்டியலில் ஒன்றுமில்லை. மறுபடி அனுப்பினார். ஒன்றுமே இல்லை.

தான் எழுதிய நிரலைத் திறந்தார். ஒரு கோரிக்கை பாதியில் முறிந்தால், அதுவரை அது எழுதியதையெல்லாம் அழித்துப் பழைய நிலைக்குத் திரும்பு என்று ஒரு கட்டு போட்டிருந்தார். அரைகுறையாக எதுவும் தங்கக்கூடாதே. நல்ல ஏற்பாடுதான். பதிவு எழுதும் வரியையும் அந்தக் கட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார் மனுஷன். முறிந்துபோன கோரிக்கை ஒவ்வொன்றும் தன் தடயத்தையும் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது, இரண்டு வருஷமாக. வேலியே பயிரை மேய்ந்த கதை. பதிவுக்காரராம், பதிவுக்காரர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

விசாரணை அறைக்கு ஓடினார். சஸ்பெண்ட் உத்தரவு கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. அவருடைய தாளும் அதோடு குத்தப்பட்டிருந்தது.

"சார், அந்தத் தாளை நம்பாதீங்க. பாதியில நின்னுபோனது எதுவும் அதுல தங்காது. தப்பு என்னோடது."

கண்காணிப்பாளர் முழித்தார். "நீங்கதானேய்யா குடுத்தீங்க?"

சிஸ்டர் அழவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. பதிவுக்காரர் பக்கம் திரும்பினார்.

"அப்போ போன வருஷம் அஞ்சாவது வார்டுப் பொண்ணு? அவளும் இதையேதானே சொன்னா. இதே மாதிரி ஒரு தாளைக் காட்டித்தானே வீட்டுக்கு அனுப்புனீங்க?"

அவர் எவ்வளவு யோசித்தும் அந்தப் பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு அச்சாகி வந்த தாளின் இளஞ்சூடுதான் நினைவிருந்தது. அவள் அனுப்பியிருப்பாளா, அனுப்பாமலே சொல்லியிருப்பாளா? இனி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

சிஸ்டர் தன் போனில் ஒரு நம்பரைத் தேடி அழுத்தி, மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினார்.

"நீங்களே பேசுங்க."

மணி போய்க்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் பேனாவை மூட மறந்து உட்கார்ந்திருந்தார். நாலாவது மணியில் எடுத்த பெண்குரல், "சொல்லுங்கக்கா" என்றது.