அரை மாத்திரை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் படம் வேண்டும். பிள்ளை வலியில் துடிக்கிறது, நர்ஸோ ஒரு அட்டையை நீட்டி, "இதுல எந்த மூஞ்சி மாதிரி வலிக்குது கண்ணு?" என்று கேட்கிறாள். அழுகிற மூஞ்சி எதிரிலேயே இருக்கும்போது அட்டையில் எதைத் தேடுகிறாள் என்று பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேத்திக்குக் காலையில்தான் டான்சில் எடுத்திருந்தார்கள். ஆறு வயது, வீட்டில் அவள் குருவி. எச்சில் விழுங்கவே அழுதாள். "அடுத்த மருந்துக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

மகள் முகம் கழுவப் போன நேரம், பெரியவர் சட்டைப்பையில் கைவிட்டார். அவருடைய முட்டி ஆபரேஷனுக்குக் கொடுத்த வலி மாத்திரையில் மிச்சம் கிடந்தது. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். பெரிய ஆளுக்கு முழு டிக்கெட், பிள்ளைக்கு அரை டிக்கெட். அவ்வளவுதான் அவர் கணக்கு. மாத்திரையை நகத்தால் கிள்ளி உடைத்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார்.

"முழுங்கிடு தாயி. அம்மாகிட்ட சொல்லிடாத."

கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது.

"என்னப்பா மந்திரம் போட்டீங்க?" என்றாள் மகள்.

"எல்லாம் பிள்ளை வளர்த்த கைதான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு குறட்டை. குறட்டைக்கும் குறட்டைக்கும் இடைவெளி நீண்டது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருமா என்று பெரியவர் காத்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது.

மகள் அலறியதில் ஓடிவந்த நர்ஸ் பிள்ளையின் முகத்தில் மாஸ்க்கை அழுத்திக்கொண்டே கேட்டாள்: "வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லங்க!" என்றாள் மகள்.

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். டிக்கெட் எடுக்காதவன் இப்படித்தான் வெளியே பார்ப்பான். எத்தனை பேரைப் பிடித்திருக்கிறார்! சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"நான்தான். அரைதான் குடுத்தேன்."

டாக்டர் வந்து ஊசி போட்டார். சற்று நேரத்தில் குருவி கண்ணைத் திறந்து வீறிட்டாள். பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சில பிள்ளைங்க உடம்பு இந்த மருந்தை மளமளன்னு மார்ஃபினா மாத்திடும்" என்றார் டாக்டர். "அது மூச்சை அமுக்கிடும். எந்தப் பிள்ளைக்கு அப்படி ஆகும்னு பார்த்தாத் தெரியாது. அதான் டான்சில் எடுத்த பிள்ளைங்களுக்கு இதை நாங்க குடுக்கிறதே இல்ல."

"நான் முழுசாப் போட்டேன். எனக்குக் கொட்டாவிகூட வரலயே?"

"உங்க உடம்பு வேற, அவ உடம்பு வேற."

"ஒரே ரத்தம்தானே டாக்டர்?"

"போதும்பா" என்றாள் மகள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் வெளிய இருங்க."

பெரியவர் வராந்தாவில் நடந்தார். ஒரே ரத்தம், ஒரே மாத்திரை, அதுவும் அரை. அது எப்படி வேறாகும்? டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆனாலும் மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்றார். உள்ளேயிருந்து குருவியின் அழுகை கேட்ட பிறகே அடுத்த படியில் கால் வைத்தார்.