தரையில் ஒரு வெட்டு

"கண்ணாடியால சத்தம் எவ்வளவு கொறையும்? கணக்கு வந்துடுச்சா?" அய்யம்பெருமாள் மறுபடியும் கேட்டார்.

மகள் தமிழ்மொழி அவர் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்தாள். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலையில், அரவை மில்லை ஒட்டிய அறையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தே காதை இழந்தவர். இரண்டு வருடம் சண்டை போட்டு அந்த அறைக்கு இரட்டைக் கண்ணாடி போடவைத்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றார். சென்னையில் அதிர்வு பற்றி ஆராய்ச்சி செய்யும் மகளிடம், கட்டட வரைபடத்தை அனுப்பிக் கணக்குப் போடச் சொன்னவரும் அவரேதான்.

'நல்லாவே கொறையும்ப்பா' என்று சொல்லிவிடலாம். நிம்மதியாகக் கண்மூடுவார். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் தங்கராசு நின்றிருந்தார். இப்போது அந்த அறையில் உட்காருபவர். அவரும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்திருந்தார்.

அவள் குனிந்து கத்தினாள். "பெருசா கொறையாதுப்பா. சத்தம் தரை வழியா வருது."

"இப்ப இதைச் சொல்லியே ஆவணுமா?" என்றாள் அம்மா ராசாத்தி.

"எப்படிச் சொல்றே?" என்றார் அப்பா.

"அவ்வளவு வேகமா அதிர்ற சுவத்துல எந்த எடம் எப்படி ஆடுதுன்னு சொல்ல முடியாதுப்பா. எந்தப் பாகத்துல எவ்வளவு சக்தி சேருது, பக்கத்துக்கு எவ்வளவு போவுதுன்னுதான் பாக்கலாம். மில்லு மேடையிலேருந்து நேரா ரூம் தரைக்குத்தான் போவுது."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மேடையையும் தரையையும் ஒரே காங்கிரீட்டா வார்த்தது தப்பு" என்றார் அப்பா.

"ஆமாம்பா."

"தங்கராசு, நடுவுல வெட்டி ரப்பர் வைக்கச் சொல்லு. கண்ணாடி நான் கேட்டு வாங்குனதுன்னு பாக்காத."

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாவின் மூச்சு நின்றது.

மறுநாள் வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது தங்கராசு அடுப்படிக்கு வந்தார். "பாப்பா, அண்ணன் சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் குடும்மா. நான் வாயால சொன்னா எவன் கேப்பான்?"

தமிழ்மொழி தரையில் உட்கார்ந்து மில்லையும் அறையையும் வரைந்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மேலே, 'கணக்குக் கேட்டவர்' என்று எழுதி அப்பாவின் பெயரைப் போட்டாள்.

தங்கராசு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் தோள்கொடுக்க அவர்தான் போனார். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். வேர்வையில் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. தாளை எடுத்து, வேட்டி மடிப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, மறுபடி குனிந்தார்.