ஐந்தாவது பஞ்சு

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாகப் பிறந்திருக்க வேண்டியது.

ஒரு மருத்துவரின் காத்திருப்பு அறையில் வைப்பதற்கு, மன அழுத்த ஹார்மோன்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உயிர்வேதியியல் படித்தவள், எதிர்த்துப் பேசத் தெரியாதவள். அந்த வேலைக்கு வேண்டிய இரண்டு தகுதியும் எனக்கு இருந்தன. எழுத உட்கார்ந்தேன்.

"கார்டிசால் என்பது அட்ரீனல் சுரப்பிகளில் சுரக்கும் ஒரு

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடித்திருந்தால் நீங்கள் படித்து முடித்திருக்க மாட்டீர்கள். அடுத்த முயற்சி:

"கார்டிசால், வீடு மாற்றும் நாளில் ஒத்தாசைக்கு வந்த சித்தப்பா மாதிரி. விடிந்ததும் எல்லோரையும் தட்டி எழுப்புவார். பீரோவுக்குத் தோள் கொடுப்பார். அவர் இல்லாமல் ஒரு சாமானும் நகராது. பொழுது சாய்ந்தால் கிளம்பிவிட வேண்டும். சில வீடுகளில் கிளம்புவதில்லை. பீரோ மாடிக்குப் போய் வெகுநேரம் ஆகியிருக்கும். அவர் மட்டும் வாசலில் நின்று 'தூக்கு, தூக்கு' என்று கத்திக்கொண்டிருப்பார்."

இது எனக்குப் பிடித்தது. ஆனால் சித்தப்பா என்று ஒருவர் வந்துவிட்டால் அவர் தங்க ஒரு வீடு வேண்டும். வீடு என்றால் ஆட்கள் வேண்டும். துண்டறிக்கை கைநழுவியது அப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: "அவள் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டாள்."

(அடித்துவிட்டேன். பெருமூச்சு விடத் தெரிந்திருந்தால் அவளுக்கு மருத்துவரே தேவைப்பட்டிருக்காது.)

இரண்டாம் தொடக்கம்: ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை எடுப்பவள் அவள். காதில் ஹெட்போன், எதிரே இரண்டு திரைகள். "எங்க இருக்கீங்க? மூச்சு வருதா? போனை வைக்காதீங்க, நான் இருக்கேன்." இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் கெட்டில் கூவினாலும் எழுந்து நிற்கப் பழகிவிட்டாள். ரொட்டிக்கடையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவன் அவளுக்கு வைத்த பெயர் சைரன்.

ஒரு நாள், அழைப்பின் நடுவில், சைரனுக்கு நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி பாய்ந்து அழைப்பை வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் பிழைத்துக்கொண்டார். (கொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மனம் வரவில்லை.) மேலாளர் அவளை விடுப்பில் அனுப்பினார். மருத்துவர் சரி என்றால் அதே நாற்காலி. இல்லையென்றால் கீழ்த்தளத்தில், ஸ்ட்ரெச்சர்களுக்கு எண்ணெய் போடும் வேலை.

அவளுக்கு அந்த நாற்காலிதான் வேண்டும். இந்தக் கதையில் யாருக்கும் வேறெதுவும் வேண்டாம்.

3

மருத்துவர் உடம்பைத் துண்டு துண்டாகப் பார்க்காதவர். "காலையில வெயில்ல நடங்க. நேரத்துக்குப் படுங்க. உட்கார்ந்து சாப்பிடுங்க. மூச்சை இழுக்கிறதைவிட விடுறதை நீளமா விடுங்க. வீட்ல சிரிக்க ஆள் இருக்கா?"

"மாமியார் இருக்காங்க, டாக்டர்."

"சிரிப்பாங்களா?"

"என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"அது போதும். மாத்திரை தேவைப்பட்டா அதையும் தருவேன். வெட்கப்படாம வாங்கிக்கணும்."

முதல் பரிசோதனையில் அவளுடைய சித்தப்பா சாயங்காலமும் போகவில்லை என்று தெரிந்திருந்தது. சில வாரங்கள் நடை, தூக்கம், மூச்சு. இப்போது மறு பரிசோதனை, எச்சிலில் சித்தப்பாவை அளப்பது. ஒரே நாளில் நான்கு வேளை ஒரு பஞ்சுருளையை மென்று, எச்சிலில் ஊறவைத்து, குழாயில் போட்டு மூடி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அதற்குமுன் எதுவும் சாப்பிடக் கூடாது. தவறினால் இருக்கட்டும் என்று ஐந்தாவதாக ஒரு குழாயும் கொடுத்தார்.

காலைப் பஞ்சு எப்படியோ நனைந்தது. மத்தியானப் பஞ்சு, போன மாதிரியே வெளியே வந்தது.*

"எலுமிச்சம்பழத்தைப் பாரு," என்றான் கணவன், ஒரு பழத்தை அவள் மூக்கருகே வெட்டியபடி. "தின்னாதே. பாரு."

"பார்க்கிறேன்."

"ஊறுதா?"

"நீங்க இப்படி வாயையே பார்த்தா எப்படிங்க ஊறும்?"

"நான் வாயில்லாப்பூச்சி. அம்மாதான் உத்துப் பார்க்கறாங்க."

"நான் எங்கடா பார்த்தேன்?" என்றாள் மாமியார். "பஞ்சைத்தான் பார்த்தேன். மெல்லும்மா, மெல்லு. என்னைத் திட்டணும்னு நினைச்சுக்கிட்டே மெல்லு, தானா ஊறும்."

சைரன் காய்ந்த பஞ்சைக் குழாயில் போட்டு மூடினாள். மாலையிலும் அதே கதை. படுக்கும் வேளையிலும் அதே கதை.

* பதற்றத்தில் வாய் உலரும். புலி துரத்தும்போது யாரும் நின்று மென்று தின்பதில்லை என்பது உடம்பின் கணக்கு. புலிக்கும் பஞ்சுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

4

"அருமையான வளைவு!" என்றார் மருத்துவர். "காலையில உச்சி, அப்புறம் படிப்படியா இறங்கி, ராத்திரி தரையோட தரை. பஞ்செல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்ததாம். நாளைக்கே நாற்காலியில உட்காரலாம்."

சைரன் மெல்லத் திரும்பினாள். கூட வந்த மாமியார் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கணவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விசாரணை.

"மத்தியானப் பஞ்சு?"

"நான்தான்," என்றான் கணவன். "நீ குளிக்கப் போனியா... காய்ஞ்ச பஞ்சைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு. ரெண்டு மெல்லு மென்னு வச்சேன்."

"சாயங்காலம்?"

மாமியார் தொண்டையைச் செருமினாள். "எனக்கென்ன தெரியும், மத்தியானமே இவன் முந்திக்கிட்டான்னு? ஒண்ணு போனா போகுதுன்னு மென்னேன். எனக்கென்ன, எப்பவும் ஊறுற வாய்."

"ராத்திரி?"

கணவன் உப்பு ஜாடியை நகர்த்தினான். மாமியார் அதைத் திரும்ப நகர்த்தினாள்.

"ராத்திரி யாரு?"

"நான்," என்றாள் மாமியார்.

"நான்," என்றான் கணவன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அடப்பாவி! நான் மென்னதையா நீ மென்னே?"

"நான் மென்னதை நீங்க மென்னீங்களோ என்னவோ!"

கணவன் வாயைக் கழுவ ஓடினான். "பெத்தவ எச்சில்டா, ஓடறான் பாரு!" என்று மாமியார் பின்னாலேயே கத்தினாள். சைரன் சிரிக்க ஆரம்பித்தாள். கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது, அவள் எழுந்து நிற்கவில்லை. மேசையைத் தட்டி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தாள்.

(அந்த வளைவைப் பற்றி ஒரு கருத்து எழுதி வைத்திருந்தேன்: ஒரு மனுஷியின் சமநிலை என்பது அவள் வீட்டார் எல்லோரும் சேர்ந்து போடும் கோடுதான் என்றும், முழுமையான சிகிச்சை என்பதே... அழகாக இருந்ததால் சந்தேகம் வந்தது. பாதியில் விட்டேன்.)

5

முடிவு அ: அவள் வாயை மூடிக்கொண்டு நாற்காலிக்குப் போகிறாள். முதல் அழைப்பு வருகிறது. "எங்க இரு

முடிவு ஆ: கட்டுப்பாட்டு அறையில் மாமியாருக்கு வேலை கிடைக்கிறது. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. "இருமலா? இரும்மா, நானும் வர்றேன்." ஆனால் கதை ஒப்பவில்லை.)

இரண்டையும் அவளே கெடுத்தாள். சிரித்து முடித்த கையோடு மருத்துவருக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, கூரை ஏறிக் கூவணுமா?" என்றாள் மாமியார். "கிடைச்ச நாற்காலியை எட்டி உதைக்கிறியே!"

"அந்தப் பக்கம் ஒருத்தர் மூச்சு முட்டிக் கூப்பிடுவாங்க அத்தை. அப்போ உங்க நிதானத்தை வச்சு நான் என்ன பண்றது?"

மாமியார் எழுந்து போய்க் கெட்டிலை அணைத்தாள். எனக்குத் தெரிந்து அவள் விட்டுக்கொடுத்தது அதுவே முதல்முறை.

மருத்துவர் முழுவதையும் கேட்டார். பிறகு போனில் ஒரு விசித்திரமான சத்தம். அவர் சிரிப்பு அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். "சாயங்காலந்தானே உங்களுக்குத் தகராறு? ஐந்தாவது பஞ்சை இன்னிக்குச் சாயங்காலம் நீங்களே மெல்லுங்க. சரியா இருந்தா நாற்காலி. இல்லாட்டி இன்னும் கொஞ்ச நாள் நடப்போம்."

6

சாயங்காலம். மூன்று பேரும் மேசையில். மற்ற இருவரும் தங்கள் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். அது அவளுடைய உத்தரவு. பஞ்சு அவள் வாய்க்குள் போய்விட்டது.

இங்கே நிறுத்துகிறேன். அவள் வாயில் பஞ்சு, அவர்கள் வாயில் கை. இனி பேச மீதமிருப்பது நான்தான். எனக்கோ பேச்சு குறைவு.

கணவன் இன்னொரு கையால் எலுமிச்சம்பழத்தை மேசையில் உருட்டி, கத்தியை வைக்கிறான். தோல் பிளந்து ஒரு பொடித் தெறிப்பு. விதையோரம் ஒரு துளி திரண்டு, கத்தியின் விளிம்பில் வழிந்து, நுனியில் தொங்குகிறது.

உங்களுக்கு ஊறியிருக்கும். அவளுக்கு ஊறியதா, சித்தப்பா கிளம்பிவிட்டாரா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்கள் வாயில் ஊறியதை விழுங்கிவிடுங்கள். இந்தப் பஞ்சில் உதவிக்கு ஆள் வேண்டாம்.