வீட்டைப் பார்த்த குழாய்

இந்த நாட்டில் மிச்சமிருக்கும் கடைசிச் சுதந்திர மனிதர் மைக் செட்காரர்தான். இதை அவரே சொன்னார். அதுவும் மார்க்கெட் முனையில், நான்கு குழாய் ஸ்பீக்கர்களில் சொன்னார். அவ்வளவு சத்தமாகச் சொல்லப்பட்ட ஒன்று பொய்யாக இருக்க வாய்ப்பில்லை.

கட்டாய மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து வியாபாரிகள் போட்ட கூட்டம் அது. வீட்டுக்கு வீடு எல்லாரும் சேர்ந்தே ஆகவேண்டும், மெஷினில் கட்டைவிரலை வைத்துக் கார்டு வாங்கவேண்டும், மாதாமாதம் வருமானத்தில் ஒரு பங்கு தானாகப் பிடிக்கப்படும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. பேச வேண்டிய பிரமுகர் வரவில்லை. அவருக்கு வயிற்றுப்போக்கு என்றும், அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் படுத்திருக்கிறார் என்றும் பிற்பாடு தெரிந்தது. ‘ஹலோ, ஹலோ’ என்று மைக்கைத் தட்டிக்கொண்டிருந்த மைக் செட்காரர், கூட்டம் கலையாமல் இருக்கட்டுமே என்று நாலு வார்த்தை பேச ஆரம்பித்தார். காலமெல்லாம் அடுத்தவன் வாய்க்கு மைக் பிடித்தவருக்குள் அவ்வளவு பேச்சு தேங்கிக் கிடந்தது யாருக்கும் தெரியாது.

“என் உடம்பு என்ன அரசாங்கப் புறம்போக்கா? நோய் இல்லாதவன்கிட்ட பிடுங்குவான். நோய் வந்து போய் நின்னா, ‘இது பழைய நோய், ஒரு வருஷம் பொறு’ன்னு கதவைச் சாத்துவான். இதுக்குப் போய் வரிசையில நிக்கறவன் மனுஷனா, மந்தையா? கேட்டுக்கோங்க, என் வீட்டுல ஒரு விரல்கூட அந்த மெஷின்ல படாது. என் சம்சாரம் விரலும் சேர்த்துத்தான் சொல்றேன்!”

விசில் பறந்தது. அன்று முதல் அவர் தெருவில் நடந்தால் டீக்கடைக்காரர் எழுந்து நின்றார். டீக்குக் காசு மட்டும் வழக்கம்போல வாங்கிக்கொண்டார்.

மைக் செட்காரருக்குத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எங்கே செட் போட்டாலும் நாலு குழாயில் ஒன்றைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுவார். அது ஓய்ந்ததும் கூட்டம் முடிந்தது என்று வீட்டுக்காரி தெரிந்துகொண்டு சாப்பாட்டைச் சூடு பண்ணுவாள். கல்யாணமான புதிதில் கண்டுபிடித்த ஏற்பாடு. அன்றைக்கும் ஒரு குழாய் வீட்டைப் பார்த்துத்தான் இருந்தது. அவர் போனபோது சாப்பாடு சூடாக இருந்தது. பேச்சு எப்படி என்று கேட்டார். “நல்லா கேட்டுச்சுங்க” என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அவருக்கு இடது காது ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று நின்று போய்விட்டது. நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துவிட்டால் பக்கத்தில் மலையே சரிந்தாலும் அவருக்குத் தெரியாது.

அப்புறம் ஒருநாள் மத்தியானம், ரிப்பேர் பார்த்த ஆம்ப்ளிஃபயரைக் கடையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். சோற்றுத் தூக்கோடு வந்த மனைவியிடம் மைக்கை நீட்டினார்.

“ஏதாவது பேசு.”

“என்னத்தங்க பேசறது?”

“கல்யாணமான நாள்லேர்ந்து என்னைத் திட்டணும்னு இருந்திருப்பியே, அதைப் பேசு.”

அவள் சிரித்தாள். ஸ்பீக்கரில் சிரிப்போடு சேர்ந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு இரைச்சல் வந்தது. ஈரமான காகிதத்தைக் கசக்குவது போன்ற இரைச்சல். மைக் செட்காரர் முகம் சுளித்தார். வயரை மாற்றினார். இரைச்சல் போகவில்லை. மைக்கை மாற்றினார். போகவில்லை. உள்ளே ஸ்பீக்கருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மச்சினனைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டினார்.

“என்னடா வயருக்கு ஈயப் பத்து வச்சிருக்க? உன் கல்யாணத்துக்கு இந்தச் செட்டைப் போட்டா, பொண்ணு புலியைக் கட்டிக்கிறோம்னு ஓடிடுவா.”

மச்சினன் வந்து காது கொடுத்தான். அக்காவின் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கினான். இரைச்சல் நின்றது. திரும்ப அவள் வாயருகே கொண்டு போனான். வந்தது.

“மாமா, செட்டுல கோளாறு இல்ல” என்றான். “அக்கா மூச்சு.”

மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.

“எத்தனை நாளா?”

“நீங்க மார்க்கெட் முனையில பேசறதுக்கு முன்னாடியிருந்தே.”

“வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றதுக்கென்ன?”

“அன்னைக்கு ராத்திரி சொல்லணும்னுதாங்க இருந்தேன்.” அவள் தூக்கின் மூடியைத் திறந்து வைத்தாள். “அதுக்குள்ள நீங்க என் விரலையும் சேர்த்துச் சொல்லிட்டீங்க. ஊரே கேட்டுச்சு. அப்புறம் நான் போய் நின்னா உங்க மரியாதை என்னாகும்?”

பக்கத்துத் தெரு டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். எடுத்து வந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நுரையீரலில் கட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் உடனே அறுவை சிகிச்சை பண்ணவேண்டும், அடுத்த வருஷம் என்றெல்லாம் பேசக்கூடாது என்றார். கடையையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் அந்தச் செலவின் வாசல்வரைதான் போகமுடியும்.

“கார்டு இருக்குல்ல?”

மைக் செட்காரர் சுவரைப் பார்த்தார்.

“ஓ, நீங்கதானே அன்னைக்குப் பேசினது? நல்ல குரல் சார் உங்களுக்கு” என்றார் டாக்டர். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

காப்பீட்டு முகாமின் கடைசி நாள். அதே மார்க்கெட் முனை. செட்டும் அவருடையதுதான், தொழில் வேறு, கொள்கை வேறு என்று முன்னமே வாடகைக்கு ஒப்புக்கொண்டிருந்தார். மனைவியோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்ற டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

“அண்ணே, நீங்களா?”

“வயர் பார்க்க வந்தேன்.”

“அண்ணியுமா வயர் பார்க்குது?”

வரிசையில் யாரோ மெதுவாக ‘மே...’ என்றார்கள். அவர் நல்ல காதின் பக்கமிருந்துதான் அது வந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த ஊழியர் அம்மாவுக்கு அன்று அவர் எத்தனையாவது ஆளோ, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெயர்களைக் கூப்பிட அந்த அம்மா வைத்திருந்த மைக் அணைக்காமல் மேஜைமேல் நின்றுகொண்டிருந்தது.

“வீட்டுல யாருக்காவது ஏற்கனவே நோய் இருக்கா?”

மைக் செட்காரர் வாழ்க்கையில் முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

“இல்லம்மா.”

அதே நேரத்தில், விரலை வைக்க அவர் மனைவி மேஜைமேல் குனிந்தாள். ‘கர்ர்ர்’ என்ற இரைச்சல் நான்கு குழாய்களிலும் கிளம்பி மார்க்கெட் முழுக்கப் போனது. காய்கறிக்காரர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நன்றாகக் கேட்டது. குறை சொல்ல முடியாத செட்.

ஊழியர் அம்மா இப்போது நிமிர்ந்தார். அந்த அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை.

“பழைய நோய்னா ஒரு வருஷம் கழிச்சுத்தான் சார் செல்லும். எனக்கு அதிகாரம் இல்ல.”

அன்றைக்கு மேடையில் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. அவருக்கு அதை நினைத்து அழக்கூடத் தோன்றவில்லை.

“விரல் வைக்கறீங்களா, இல்லையா சார்? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

“வச்சிடுவோம்ங்க” என்றாள் மனைவி. “அடுத்த வருஷம் உதவும்ல.”

அவர் குனிந்து மைக்கின் வயரைப் பிடுங்கினார். குழாய்கள் நான்கும் ஓய்ந்தன. வீட்டைப் பார்த்திருந்ததும் ஓய்ந்தது. சூடு பண்ண அங்கே ஆள் இல்லை. அவள் கையைப் பிடித்துக் கட்டைவிரலை மெஷினில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு தன் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு, அதையும் வைத்து அழுத்தினார்.