தம்பி அடுப்பில் இருந்த பன்னிரண்டு வருடம்

செத்து மூன்றாம் நாள் காலை, பேக்கரிக்காரம்மாவின் தம்பி கடையின் பெரிய அடுப்புக்குள் சம்மணமிட்டு எரிந்துகொண்டிருந்தான். அன்று யாரும் விறகு வைக்கவில்லை. முதல் தட்டு ரொட்டி வழக்கத்தைவிட நன்றாகவே வெந்தது. ஏழு மணிக்கு நரகத்திலிருந்து ஒரு குமாஸ்தா தோல்பையோடு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, விவரம் சொன்னார். முப்பது வருடத்துக்கு முன் அக்காவின் கல்யாணத்தை நிறுத்தியது ஒரு மொட்டைக் கடிதாசி. பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று ஒரே ஒரு வரி, அதுவும் பொய். அதை எழுதியது தான்தான் என்று சாகும்போது தம்பி ஒப்புக்கொண்டிருந்தான். அக்கா போய்விட்டால் வீடு வெறிச்சோடிவிடுமே என்று பயந்தானாம். "நீ எரியற நெருப்பு அணையவே கூடாதுடா" என்று அப்போது அக்கா சொன்ன வார்த்தை மேலிடத்தில் மனுவாக ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் நித்திய தண்டனையை மொத்தமாகக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஒவ்வொரு நாளாகத்தான் கொடுப்பார்கள். பாதிக்கப்பட்டவர் தினமும் காலையில் 'இன்றும் நியாயமே' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் தண்டனை முடிந்தது.

"தவற மாட்டேன். மானம்னா உசுரைக் குடுக்கிற குடும்பம் இது" என்று சொல்லி, அம்மாள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு வருடம் தவறவில்லை. காய்ச்சலில் படுத்தபடி போட்டார், வெள்ளம் வந்த வருடம் மேசைமேல் ஏறி நின்று போட்டார். வெளியூர்க் கல்யாணம், சாவு எதற்கும் போகவில்லை. ஊரும் பழகிக்கொண்டது. "அக்கா, வலது மூலையில ரெண்டு கருகுது பாரு" என்று உள்ளேயிருந்து தம்பி குரல் கொடுத்தால், வாங்க வந்தவர்களே கதவைத் திறந்து எடுத்தார்கள். ஒரு முறை அம்மாள் வாய்தவறிக் கேட்டுவிட்டார், இன்னுமா சுடுகிறது என்று. "நேத்து சுட்ட மாதிரியேதான்க்கா. பழக விடமாட்டேங்கறாங்க." அன்று சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மூச்சு வாங்கத் தொடங்கியதும், தனக்குப் பின் கையெழுத்துப் போடச் சொல்லித் தம்பி மகளைக் கூப்பிட்டார். அவள் கல்லாவைவிட்டு எழவேயில்லை. "எனக்கு அப்பா ஒரு கெடுதலும் பண்ணலையே அத்தை. சைக்கிள் ஓட்டச் சொல்லிக்குடுத்தாரு. நான் எதுக்கு எரிக்கணும்?"

"அப்போ என் கோவம் என்ன அநாதையாடி?"

"தத்து எடுக்க ஆளு தேடுங்க" என்றாள் அவள்.

அதே வாரம் கடிகாரக்காரர் வந்தார். அந்தக் கடிதாசியை நம்பிப் பின்வாங்கிய மாப்பிள்ளை அவர்தான். மனைவி போய்ச் சேர்ந்தபின், தினமும் அரை ரொட்டி வாங்கித் தலைகுனிந்தே போகிறவர். அன்று குனியவில்லை. "என்னைக் கட்டிக்கிட்டா என்ன? ஒரு வாரம் கடல் பாத்துட்டு வரலாம்."

"காலைல கையெழுத்து இருக்கு."

"முப்பது வருசம் உங்கள வீட்டுல உக்கார வெச்சது உங்க தம்பி. நானும் அதுக்கு உடந்தை. இப்போ பன்னெண்டு வருசமா யாரு உக்கார வெச்சிருக்கா?"

"வாங்கின ரொட்டிக்கு மேல பேசாதீங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, அம்மாள் நேரே போய் அடுப்புக் கதவைத் திறந்தார். "போதுமான்னு நீ சொல்லுடா."

"நான் சொல்ல முடியாதுக்கா. நான் பண்ணினது பெருசு. எவ்வளவு பெருசுன்னு உனக்குத்தான் தெரியும். ஆனா எவ்வளவு பெருசா இருந்தாலும் அதுக்கு ஒரு ஓரம் இருக்குமில்ல? இதுக்கு ஓரமே இல்லக்கா."

அம்மாள் முதுகு வளையாமல் நின்றார். அந்த வம்சத்தில் நாலு தலைமுறையாகக் கருகிய ரொட்டி ஒன்றுகூடக் கடைப் படியைத் தாண்டியதில்லை. அதது வெந்த நேரத்துக்கு அதை வெளியே எடுக்கத் தெரியாதவர் அந்த வீட்டில் பிறந்ததில்லை.

மறுநாள் ஏழு மணிக்குக் குமாஸ்தா நீட்டிய தாளை அவர் திருப்பிக் கொடுத்தார். "வெந்ததுக்கு மேல அடுப்புல வெச்சா அது வன்மம். எங்க வீட்டுப் பேரு கெட்டுடும். மன்னிச்சேன்னு எழுதாதீங்க, மன்னிக்கல. போதும்னு எழுதுங்க."

படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை. குமாஸ்தா ஓரத்தில் சிறிதாக எழுதிக்கொண்டு, வேலையில் சேர்ந்த பிறகு முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்து, இரண்டு ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனார்.

தம்பி வெளியே வந்து ஒரு குடம் தண்ணீர் குடித்தான். அடுத்த மாதம் கடிகாரக்காரரோடு நடந்த அக்காவின் கல்யாணத்தில் பெண் வீட்டார் வரிசையில் அவனே நின்றான். அம்மாள் ஒரு வாரம் என்று கடலுக்குப் போய், மூன்று மாதம் கழித்துக் கறுத்து, சிரித்துத் திரும்பினார். இறந்தவன் என்பதால் தம்பியை வாக்காளர் பட்டியலில் சேர்க்கவில்லை; மற்றபடி குறையில்லை. உடம்பில் சூடு மட்டும் இறங்கவேயில்லை. மழைநாளில் நனைந்து வருகிறவர்கள் அவன் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று, துணியை உலர்த்திக்கொண்டு, ரொட்டி வாங்கிப் போகிறார்கள்.