இரண்டாவது சாட்சி

என் கணவர் எபனேசர் 1974 அக்டோபரில் இறந்தார். கப்பல்கள் தூரக் கடலில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் போய்ச் சரக்கு இறக்கிவந்த காலத்திலிருந்து அவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில்தான் வேலை. இருபத்தாறு வருடம் நிலக்கரித் தூசியில் நின்றவர். அந்தத் தூசிதான் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்தது ஒரு வீடு. என் டீச்சர் சம்பளமும் சேர்ந்து கட்டியதுதான், ஆனால் பத்திரம் அவர் பேரில். உயில் எழுதாமல் அவர் போனால், கிறிஸ்தவர்களுக்கான சட்டப்படி பாதி எனக்கு, மறுபாதி அவருடைய ஒரே தம்பி பால்துரைக்கு என்று வக்கீல் தேவபிரசாதம் சொன்னார்.

"பால்துரைக்கு ஒரு செங்கல்கூடப் போகக் கூடாது வக்கீல் சார். எல்லாம் இவளுக்கு" என்றார் இவர்.

கல்யாணமாகி ஆறாம் வருடம் பால்துரை நாசரேத்திலிருந்து வந்து, என் காதுபடவே, "பிள்ளை பெறாதவளை அவ அப்பன் வீட்டுல கொண்டு விட்டுட்டு வா" என்று இவரிடம் சொல்லியிருந்தார். அன்றோடு அண்ணன் தம்பிப் பேச்சு முடிந்தது.

வக்கீல் உயிலை டைப் அடித்துக் கொடுத்தார். "வீட்டுல வச்சு நிதானமா வாசிச்சுப் பாருங்க. திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க, ரெண்டு சாட்சிக்கு நான் ஆள் வச்சிருக்கேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் இருமலோடு ரத்தம் வந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் தாங்குவனான்னு தெரியலை. இன்னைக்கே கையெழுத்துப் போட்டிருதேன். ஏளா, பக்கத்து வீட்டு அண்ணாச்சியக் கூப்பிடு" என்றார்.

மந்திரமூர்த்தி அண்ணாச்சி உடன்குடிக்காரர். மார்க்கெட்டில் கருப்பட்டிக் கடை. வந்ததும் கட்டிலைப் பார்த்துச் சிரித்தார்.

"சொத்து எழுதுற ஆளு இப்படியா படுத்துக்கிடக்கது? எந்திச்சு உக்காரும்வே. படுத்துக்கிட்டு எழுதுனா எழுத்தும் படுத்துக்கிடும்."

இவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்த்தினேன். கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சி முதல் சாட்சியாகப் போட்டார். இன்னொரு சாட்சி வேண்டும். எதிர்வீட்டு உபதேசியார் ஜேசுபாதம் சாத்தான்குளத்துக்குப் போயிருந்தார்.

"ஆள் எதுக்குத் தேடணும்? டீச்சர் இருக்காங்கள்லா" என்றார் அண்ணாச்சி. "எங்க அய்யா உயிலுக்கு எங்க அம்மாதான் சாட்சி. வீடும் அம்மாவுக்குத்தான். கோர்ட்டுல ஒருத்தன் வாயத் தொறந்தானா? பொண்டாட்டி கையெழுத்து இருந்தா, அவளுக்குத் தெரியாம நடந்துச்சுன்னு நாளைக்கு எவனும் சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க."

"அதுவும் சரிதான்" என்றார் இவர்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகிற கையெழுத்து என்னுடையது. ஞானதீபம் எபனேசர் என்று கரும்பலகையில் எழுதுவதுபோல் நிறுத்தி எழுதினேன். இவர் வாங்கிப் பார்த்து, "இனி பால்துரையால ஒண்ணும் புடுங்க முடியாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து உயிலை வக்கீலிடம் கொண்டுபோனேன். வாசித்துக்கொண்டே வந்தவரின் விரல் அடியில் நின்றது.

"இது யாரும்மா?"

"நான்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நம் ஆட்களுக்குள்ள சட்டத்தில், உயிலுக்குச் சாட்சி போட்டவருக்கு அந்த உயிலில் எழுதிய சொத்து சேராது, உயில் எழுதாத மாதிரியே பங்கு பிரியும் என்றார்.

"மந்திரமூர்த்தி அண்ணாச்சி வீட்டுல..."

"அவங்க இந்து. அவங்களுக்கு இந்த விதி கிடையாதும்மா. நமக்கு உண்டு."

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை, அதில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதையும் சொல்லிக்கொடுத்தவள் நான். "நான் சாட்சியாப் போடலை, சும்மா பேர் எழுதினேன்னு கோர்ட்டுல சொன்னா?" என்று கேட்டேன்.

"அப்ப ஒரே சாட்சிதான். உயிலே நிக்காது. எப்படிப் பாத்தாலும் பாதி பால்துரைக்குத்தான்." உயிலை மடித்து என் பக்கம் நகர்த்தினார். "திங்கக்கிழமை வரச் சொன்னேன். வீட்டு ஆள் போடக் கூடாதுன்னும் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

ஒரே ஒரு வழி இருந்தது. பால்துரை தானாக முன்வந்து தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தர வேண்டும். மறுநாளே நாசரேத்துக்கு பஸ் ஏறினேன்.

பால்துரை எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மகள் கிருபை காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அண்ணன் எனக்கு ஒண்ணும் போகக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்கான். சர்ச்சு, சேகரம் பூரா இதே பேச்சு" என்றார். "நான் விட்டுக்கொடுத்தா, அவன் எழுதினது நியாயம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும்லா மைனி?"

"நீங்க அன்னைக்குச் சொன்ன சொல்லு அப்படி தம்பி."

"அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. புத்தி கெட்டுச் சொன்னேன். மன்னிச்சுக்கோன்னு ரெண்டு காயிதம் போட்டனே, உங்க ரெண்டு பேர் பேருக்கும். பதில் உண்டுமா?"

எந்தக் கடிதத்தையும் நான் பார்த்ததில்லை. காப்பியை எடுத்துக் குடிக்காமலே திரும்ப வைத்தேன்.

"அவன் ஒண்ணும் எழுதாமச் செத்திருந்தா, நான் அந்த வீட்டு வாசல மிதிச்சிருக்க மாட்டேன் மைனி. உங்களுக்கே இருக்கட்டும்னு விட்டிருப்பேன்."

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் எழுதித் தரவில்லை.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. பிப்ரவரியில் பால்துரை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி, தன் பாதியை வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னார். என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும் மைனி? நீங்களே சொல்லுங்க."

ஒரு பக்கம் என் கணவர் படுத்திருந்த அறை. கட்டிலை இன்னும் நான் நகர்த்தவில்லை. இன்னொரு பக்கம் அடுப்பும் கிணறும்.

"அடுப்பு இருக்க பக்கம்" என்றேன்.

கொத்தனார் நூல் பிடித்தார்.